சன்னலில் எத்தனை பொம்மை

ஓல்பர்ன்ஹாவ், ஜெர்மனி,
டிசம்பர் 3

அன்பு மகள் அல்முத்துக்கு,

அப்பா எழுதுவது. உடம்பு வரைக்கும் நாங்கள் இருவரும் நலம், அம்மாவின் முழங்கால்கூட இந்தக் குளிரில் அடங்கித்தான் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நியூசிலாந்து வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டிரெஸ்டனுக்குப் போன படங்களை அனுப்பச் சொல்லி அம்மாவுக்கு இரண்டு முறை செய்தி போட்டும் பதில் இல்லை, என்ன கோபம் என்று கேட்டிருந்தாய். கோபம் உன்மேல் இல்லை. படமும் இல்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன், தொலைபேசியில் சொல்ல எனக்குத் தைரியம் போதாது.

அந்தப் பயணம் என் யோசனைதான். கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் இருக்கும்போதே நம் தெருவில் ஒவ்வொரு சன்னலிலும் பொம்மைகள் ஏறிவிடும், பெண் பிள்ளைக்கு ஒரு தேவதை, ஆண் பிள்ளைக்கு ஒரு சுரங்கக்காரன், கையில் விளக்கோடு. நடந்து போகிறவர்கள் இந்த வீட்டில் இத்தனை பிள்ளைகள் என்று எண்ணிக்கொண்டே போவார்கள். ஏப்ரலில் உன் தம்பி டிலோவை அடக்கம் செய்தோம், இப்போது நம் சன்னலில் எத்தனை வைப்பது? இரண்டு வைத்தால் பார்க்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். ஒன்று வைக்க எனக்குக் கை வராது. நானும் அம்மாவும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு மெல்ஸர் அம்மா வேறு வேலிக்கு மேல் தலையை நீட்டி, "என்ன, இன்னும் பரண்லேருந்து ஒண்ணையும் இறக்கலையா?" என்று கேட்டுவிட்டு, கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்கே டிரெஸ்டனில் இரண்டு நாளைக்கு அறை போட்டேன். ஓடிப்போனோம் என்றே வைத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை நன்றாகத்தான் போனது, அதை மறைத்தால் பொய்யாகிவிடும். கிறிஸ்துமஸ் சந்தைக்குள் நுழைந்ததுமே வறுத்த பாதாம் வாசனை, மசாலா போட்டுக் காய்ச்சிய ஒயின், ஆளைவிட உயரமாக, பொம்மைத் தட்டுகளோடு சுற்றுகிற மரக் கோபுரம், அம்மா சின்னப் பெண் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். ராட்டினத்தில் ஏறினோம். உச்சிக்குப் போனதும் காற்று அடித்தது, "தொப்பியப் பிடிச்சுக்கோ, அது பறந்துதுன்னா உன் வழுக்கைதான் இந்தச் சந்தைக்கே விளக்கு" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்துக் கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, குளிர்க்காற்று என்று சமாளித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம்தான் வினை வந்தது. அந்தச் சந்தையில் பாதிக் கடைகள் பொம்மை செய்கிற நம் மலையூர்க்காரர்கள் போடுவதுதான் என்பது இந்த மடையனுக்குத் தோன்றவே இல்லை. ஒரு பொம்மைக் கடையில் அம்மா நின்றாள், நான் இழுத்தும் வரவில்லை. கடைக்காரி எங்கள் பேச்சைக் கேட்டதும், "அட, நம்ம ஊர்ப் பக்கமா! வாங்க, வாங்க. வீட்டுல எத்தனை புள்ளைங்க? பொண்ணா, பையனா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கையில் தேவதையையும் ஒரு கையில் சுரங்கக்காரனையும் எடுத்துவிட்டாள். நம் ஊரில் எல்லாரும் கேட்கிறதுதான், அவள்மேல் குற்றம் இல்லை. அம்மா வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டு, "ஒரே பொண்ணுதாம்மா" என்றேன். கடைக்காரி சரி என்று தலையாட்டி, சுரங்கக்காரனை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள், அவ்வளவு சுலபமாக. திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை.

இரண்டு மணி நேரம் அந்தக் கூட்டத்தில் தேடினேன். கடைசியில் டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள், கையுறைகூட இல்லாமல். பக்கத்தில் போனதும், "எனக்கு ரெண்டு புள்ளைங்க. உனக்கு ஒண்ணுதான்னா நீ அப்படியே இருந்துக்கோ" என்றாள். அதற்குப் பிறகு உப்பு எங்கே, சாவி எங்கே என்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தால் தெரு முழுக்க வெளிச்சம், நம் சன்னல் மட்டும் இருட்டு. "இல்லன்னு சொன்னது நீ. எத்தனை வைக்கறதுன்னு நீயே முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்றைக்கு மூன்று நாள், இன்னும் இருட்டுதான்.

உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். அம்மாவைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று அவளிடம் சாதித்தேன், அது பொய். ஒரு பொண்ணு, ஒரு பையன் என்று சொல்லியிருந்தால் கடைக்காரி அடுத்து, பையன் என்ன பண்றான் என்று கேட்பாள். அந்தப் பதில் என் வாயிலிருந்து வர வேண்டுமே என்று பயந்தேன். பயத்தில் பெற்ற பிள்ளையையே இல்லை என்றுவிட்டேன். அங்கே யாராவது உன்னிடம் கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டால் நீ என்ன சொல்கிறாய்? வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், எனக்கு எழுது.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது முதலில் அம்மாவிடம் பேசு. அவனைப் பற்றிப் பேசு, அவள் அழுதாலும் பேச்சை மாற்றாதே. மதிய வெயிலில் தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. கடவுள் உன்னையும் உன் வீட்டையும் குறையில்லாமல் வைக்கட்டும். இதை உறையில் போட்டு ஒட்டிவிட்டுப் பரணில் ஏறப் போகிறேன், இரண்டையும் இறக்குவேன்.

இப்படிக்கு,
அல்முத்துக்கும் டிலோவுக்கும் அப்பா,
ஏக்கார்ட்