இடம் மாறிய சிவப்பு டேப்

என் கள்ளக் கூட்டாளியான, கூடப்பிறந்த காக்காவுக்கு, ஸலாம்.

நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு வரும் முதல் நோன்பு இது. எல்லாரும் உங்களுக்காக துஆ கேட்கிறார்கள். நான் மட்டும் குற்றம் ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன்.

பழைய பிரிட்ஜ் திருத்தப் போன வீட்டிலிருந்து கண்ணாடித் தட்டு ஒன்று கொண்டுவந்தீர்களே, ஞாபகமா? உம்மா கேக் சுடும் கண்ணாடிப் போறணைத் தட்டும் அதே அளவு, அதே நிறம்.

"கண்ணக் கட்டினாலும் எது எதெண்டு சொல்லுவன். இது ஐஸ் பெட்டிக்குக் கீழ செருகுற தட்டு, அச்சுல அழுத்தினது. அடியில வரி வரியா மேடு, ரெண்டு பக்கமும் செருகுற விளிம்பு. சூடா ஊத்தினா வெடிக்கும்" என்றீர்கள்.

"கண்ணாடியப் பாத்துப் பாத்து உங்கட கண் ஆடிப்போச்சு காக்கா!"

உம்மா குழம்பக்கூடாதென்று அந்த பிரிட்ஜ் தட்டில் சிவப்பு டேப் ஒட்டினீர்கள். மறுநாள் நீங்கள் வேலைக்கு இறங்கியதும் அதை உரித்துப் போறணைத் தட்டில் ஒட்டினேன். பின்னேரம் வந்து ஏமாறுவீர்கள் என்றுதான். பின்னேரம் உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

டேப் ஒட்டிய தட்டை உம்மா யாரையும் தொட விடுவதில்லை. "என்ட புள்ளைட கை பட்டது" என்று அந்த டேப்பைத் தடவுகிறா. அது ஒட்டிய கை என்னுடையது. எப்படிச் சொல்ல?

நேற்று உம்மா டேப் இல்லாத மற்றத் தட்டில் பழம் வெட்டிப் பக்கத்து வீட்டு ஜெஸீமா மாமிக்கு அனுப்பினா. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பும் வீடு நம் ஊரில் உண்டா? இன்று நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"புள்ள, உம்மாட்டச் சொல்லு, அந்தத் தட்டுலயே கடல்பாசி காய்ச்சிச் சூடா ஊத்தி, இறுக வெச்சுத் தாறன். பின்னேரம் அஸருக்குப் பொறகு."

"ஓம் மாமி." வாய்க்காரி எனக்கு அது மட்டும்தான் வந்தது. உண்மையைச் சொன்னால் உம்மாவின் காதுக்குப் போகுமே!

டேப் ஒட்டியதைக் கவிழ்த்துத் தடவினேன், நான் மாற்றியது கனவாக இருக்காதா என்று. அடி வழுவழுப்பு. வரியில்லை, செருகும் விளிம்பில்லை. மாமியிடம் இருப்பதுதான் வெடிக்கும் தட்டு.

மாமியின் சின்ன மகள் இப்போதுதான் குசினியில் சமையல் மேசையைப் பிடித்து எழும்பி நிற்கப் பழகுகிறாள்.

மதிலுக்கு அப்பாலிருந்து கடல்பாசியின் ஏலக்காய் மணக்கிறது. இன்னும் அஸர் பாங்கே சொல்லவில்லை. மாமிக்கு ஏன் இந்த அவசரம்?

போகிறேன் காக்கா. முதலில், ஊற்றவிடாமல் மாமியின் கையைப் பிடிப்பேன். பிறகு உம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அடியில் வரியுள்ள தட்டு உடையாமல் இருந்தால், அதை உம்மாவின் கையில் கொடுப்பேன். உங்கள் கை பட்டது அதுதான்.

டேப்பை மாற்றிய,
உங்கள் ஒரே தங்கச்சி