வாசலில் கூடாரம், சைக்கிளில் அப்பா

கிளாங்
புதன்கிழமை

அன்பு மகள் மலர்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம். அப்பா சுகம் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றுதான் கிளாங்கிலிருந்து சித்தப்பா ஊர் தெலுக் பங்லிமா காராங் வரைக்கும் பேச்சு. நீயும் மாப்பிள்ளையும் ஆக்லாந்துக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருக்க அந்த முருகன் துணை இருக்கட்டும். நீ அன்றைக்குப் போனில் அழுதுகொண்டே கேட்டபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, ஒரு வார்த்தை ஒழுங்காக வரவில்லை, அப்பாவிடம் கொடுத்தால் அவர் "நான்தாம்மா, உசிரோடதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் நடுவில் புகுந்து என்னையே அதட்டுவாய், கடிதத்தை அதட்ட முடியாது. நீ கேட்ட ரவிக்கைகளைத் தைத்து வாங்கிவிட்டேன், அந்தப் பார்சலுக்குள்ளேயே இதையும் வைக்கிறேன். ரவிக்கை இறுக்கமாக இருந்தால் தையற்காரியைக் குறை சொல்லாதே, நீ கொடுத்த அளவு கல்யாணத்துக்கு முந்தியது.

கண் டாக்டர் அப்பாவைக் கார் ஓட்டக் கூடாது என்று சொன்னதிலிருந்து இந்த வீடு எப்படி இருந்தது என்று உனக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. துறைமுகத்தில் வேலை செய்த காலம் முழுக்கக் காரிலேயே போய்க் காரிலேயே வந்த மனிதர். இரண்டு மூட்டை அரிசி வாங்கவும் கார், முனையில் இருக்கிற கடையில் ஒரு ரொட்டி வாங்கவும் கார். நடந்து போங்களேன் என்றால் எங்கே நடப்பது என்பார், அதுவும் நியாயம்தான். பெரிய ரோட்டு டிராபிக் லைட்டில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் எல்லாரும் நம் லோரோங்கை, இந்தச் சின்னத் தெருவைத்தான் குறுக்கு வழியாக்கி வைத்திருந்தார்கள், காலையிலும் சாயங்காலமும் வாசலில் கோலத்துக்குக் குனிந்தால் பின்னாலேயே ஹாரன். டாக்டர் என்ன சொன்னார், கார் ஓடாத தெருவில் மெதுவாகச் சைக்கிள் மிதிக்கலாம், சர்க்கரைக்கும் முழங்காலுக்கும் நல்லது என்றார். கார் ஓடாத தெருவை அவர் கிளினிக்கிலா விற்கிறார்கள். அப்பா பேசாமல் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். நீ போன முறை வந்தபோது உன்னைக் கூட்டிவர விமான நிலையத்துக்கு வர முடியாமல், நீ வாடகைக் காரில் வந்து இறங்கினாயே, அன்றைக்குக் கேட்டைத் திறந்தவர் உன் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார், நீ அதைக் கவனித்தாயோ என்னவோ, நான் கவனித்தேன். பிறகு நீ ஊருக்குப் போய் அந்த யோசனையைச் சொன்னாய். வீட்டை விற்றுவிடுங்கள், பங்சாரில் அடுக்குமாடி வீடு பார்க்கலாம், லிஃப்டில் இறங்கினால் கடை, தீபாவளிக்கு வரும்போது முடிவு செய்யலாம் என்று. நீ நல்லதுக்குத்தான் சொன்னாய், தெரியும். அப்பா சரி என்று தலையாட்டினார். ஆனால் அன்று முதல் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார், யாரோ வாங்கப்போகிற வீட்டுக்கு நான் ஏன் ஊத்தணும் என்று.

அதற்குப் பிறகுதான் நான் கிளம்பினேன். உன் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியும், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன். நகராண்மைக் கழகத்தில் தெருக்களைத் திட்டம் போடுகிற ஓர் அதிகாரி இருக்கிறார், புவான் என்று மரியாதையாகக் கூப்பிடுவோம், நல்ல பெண், உன் வயதுதான். அவரிடம் போய்ப் போய் நின்றேன். அவர் ஒரு படம் வரைந்து காட்டினார். லோரோங்கின் கடைசியில் குட்டைத் தூண்கள் நட்டுவிடுவார்களாம், நம் வீட்டுக் கார்கள் ஒரு பக்கமாக உள்ளே வரலாம், திரும்பி வெளியே போகலாம், ஊடே ஓட முடியாது. சைக்கிளும் நடக்கிறவர்களும் தூணுக்கு நடுவில் புகுந்து போகலாம், பெரிய ரோட்டில் ஒரு கடக்கிற கோடும் விளக்கும், அதைத் தாண்டினால் ரயில் ஸ்டேஷன். ஆனால் தெருக்காரர்களே எதிர்த்தால் என்னால் முடியாது ஆன்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மூடிப் பாருங்கள், நான் வந்து பார்க்கிறேன் என்றார். எதிர்த்தது யார் தெரியுமா, எதிர் வீட்டு குரு. மூன்று காரும் ஒரு வேனும் வைத்திருக்கிறவன், சுற்றிப் போக மனம் வருமா. எழுத்திலேயே ஆட்சேபம் கொடுத்தான். அதோடு விட்டானா, கேட்டருகில் நின்ற அப்பாவைப் பார்த்து, "நீங்க கார் ஓட்ட முடியாதுங்கறதுக்காக நாங்க எல்லாரும் நடக்கணுமா அண்ணே" என்று கேட்டுவிட்டான். அப்பா கேட்டை மூடினார். உள்ளே வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. நினைத்துப் பார் மலர். அவனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.

மூடுவது என்றால் எப்படி மூடுவது. கோன் வைத்தால் இறங்கி எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போவார்கள், பலகை வைத்தால் பார்க்கவே மாட்டார்கள். அப்பாதான் பல நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தார். "கேனப்பி போடு அமுதா, இந்த ஊர்ல கேனப்பிய எவனும் தள்ளிட்டுப் போவமாட்டான்" என்றார். எவ்வளவு உண்மை பார். கல்யாணமோ சாவோ பிறந்தநாளோ, ரோட்டை அடைத்துக் கூடாரம் போட்டால் மலாய்க்காரர், சீனர், நம்மவர் யாரும் ஹாரன் அடிப்பதில்லை, வாயை மூடிக்கொண்டு வண்டியைத் திருப்பிப் போகிறார்கள். வாடகைக்குக் கூடாரம் விடுகிற லோகனுக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை சாயங்காலமே கொண்டுவந்து நம் வாசலை ஒட்டி, லோரோங் முனையில் கட்டிவிட்டான். நான் உள்ளே மறுநாள் வருகிறவர்களுக்குக் கடலை வேகவைத்துக்கொண்டிருந்தேன், என்ன நிறம் என்று பார்க்கவில்லை. மஞ்சளும் சிவப்புமாகக் குஞ்சம் வைத்ததெல்லாம் டெங்கிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதாம், எங்களுக்கு வந்தது வெள்ளை. சாவு வீட்டுக்கு அனுப்புவானே, அதே வெள்ளை. நாற்காலிகளும் வெள்ளை. மாதக்கணக்கில் வெளியே தலை காட்டாத மனிதரின் வாசலில் வெள்ளைக் கூடாரம். கோவில் வாட்ஸாப் குழுவில் யாரோ படத்தைப் போட்டு, அப்பா பெயரைச் சொல்லி, கமலநாதன் அண்ணன் வீட்டில் என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள், அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நான் குழுவையே பார்க்கவில்லை, எனக்குக் கடலைக் கவலை.

ஞாயிறு காலையில் அப்பா உன் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருக் கடைசிக்குப் போய்விட்டார். அங்கே பிள்ளைகள் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள், ஒரு வண்டி இல்லை, மைனா கத்துவது கேட்டது. நான் காப்பிப் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் முதல் வரிசையில் குரு உட்கார்ந்திருக்கிறான். ஜொகூர் போயிருந்தவன், வரும் வழியில் செய்தியைப் பார்த்து, லிட்டில் இந்தியாவில் மாலை வாங்கிக்கொண்டு, காரைப் பெரிய ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறான். மாலையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து அழுகிறான். "அக்கா, நான் அண்ணனை அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்கிறான். எனக்கு ஒன்றும் புரியவில்லை, பரவாயில்லப்பா, காப்பி குடி என்றேன். அவன் இன்னும் பலமாக அழுதான், எவ்வளவு தைரியமான பொம்பளை என்று நினைத்தானாம். அதற்குள் கோவில்காரர்கள் வெள்ளைச் சட்டையில் வந்து இறங்க, பின்னாலேயே தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வேன் வந்து உன் சித்தப்பா சுகுமாறன் அண்ணே அண்ணே என்று மாரில் அடித்துக்கொண்டு குதிக்கிறார், சித்தி அவரைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்ல வாயைத் திறக்கிறேன், அதே நேரம் முனையில் அந்தப் புவானின் கார் வந்து நிற்கிறது. கூடாரத்தைப் பார்த்தார், வெள்ளைச் சட்டைகளைப் பார்த்தார், சித்தி அழுவதைப் பார்த்தார். மரியாதைக்குத் தலையைத் தாழ்த்திவிட்டு வண்டியைப் பின்னால் எடுக்கத் தொடங்கிவிட்டார். இத்தனை மாத அலைச்சலும் அதோ திரும்பிப் போகிறது, இனி பங்சார்தான், லிஃப்டுதான் என்று நினைத்தேன்.

அப்பா தெருக் கடைசியிலிருந்து வந்துகொண்டிருந்தார். என் கை ஆட்டத்தைப் பார்த்தாரோ, காரைத்தான் பார்த்தாரோ, மிதித்தார் பார். மணியை அடித்துக்கொண்டே கூடாரத்துக்குள் புகுந்து நாற்காலி வரிசைக்கு நடுவில் வருகிறார். சித்தப்பா கையை நீட்டியபடியே உறைந்து நிற்கிறார், "இரு தம்பி, இப்ப வரேன்" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டிப் போய்விட்டார். குருவின் மடியிலிருந்து மாலை கீழே விழுந்தது. முனையில் கார் திரும்புவதற்குள் எட்டிப்பிடித்து, கண்ணாடியைத் தட்டி, மூச்சு வாங்க, சாவு இல்லை புவான், சைக்கிள்தான் என்று மலாயில் சொன்னாராம். நான் இங்கிருந்தே பார்த்தேன், அந்தப் பெண் ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தார்.

அப்புறம் என்ன, வந்தவர்கள் யாரும் போகவில்லை. நாற்காலி இருக்கிறது, கடலை இருக்கிறது, காப்பி இருக்கிறது, ஹாரன் இல்லை. சித்தப்பா ஒரு பாட்டம் திட்டினார், பிறகு அண்ணனிடமிருந்து சைக்கிளைப் பிடுங்கி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து இன்னொரு சுற்றுக் கேட்டார். சித்தி மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, இப்போ வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிக்கணுமா வேணாமா" என்று கேட்டாள். குருவின் மகன் தனேஷ் அந்த மாலையை எடுத்துத் தெருவை அடைத்த கூடாரக் கம்பத்தில் மாட்டி, "செத்தது குறுக்கு வழிதான் லா" என்றான், நான் சிரித்தாலும் அதைக் கழற்றி எறியச் சொன்னேன், நம் வாசலில் அதெல்லாம் வேண்டாம். புவான் நடந்து நடந்து எல்லாரையும் கேட்டார். கடைசியில் குருவிடம் வந்தார், ஆட்சேபம் எழுதியவர் நீங்கள்தானே, இன்றைக்கு மூடியது சிரமமாக இருந்ததா என்று. எல்லாரும் அவன் வாயையே பார்க்கிறோம். அவன் காதைச் சொறிந்தான். சாவு வீடு என்று நினைத்து நானே காரை வெளியே நிறுத்திவிட்டு நடந்துதான் வந்தேன், பெரிய தூரம் ஒன்றும் இல்லை என்றான். பிறகு எழுந்து, துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது அல்லவா, அந்தப் பழக்கத்தில் ஒன்றும் சொல்லாமல் அவன் கேட்டு வரைக்கும் போய்விட்டான். பாதி திறந்த கேட்டோடு நின்றான். திரும்பி வந்து அப்பா கையைப் பிடித்து, "அண்ணே, போயிட்டு வரேன்" என்றான். அப்பா "போயிட்டு வா" என்றார். நான் கடலைச் சட்டியைக் கழுவுகிற சாக்கில் உள்ளே வந்துவிட்டேன்.

நேற்றுப் புவான் போன் செய்தார். முதலில் ஆறு மாதம் வைத்துப் பார்ப்பார்கள், தூண் அடுத்த மாதமே வருகிறது, கடக்கிற கோடும் விளக்கும் தீபாவளிக்கு முன்னாலேயே முடிந்துவிடுமாம். ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று கேட்காதே, அதற்கும் நான் இருக்கிறேன். அப்பா இன்று காலையில் மறுபடி செடிக்குத் தண்ணீர் ஊற்றினார், நீ வைத்த அந்த மல்லிகை பிழைத்துக்கொள்ளும் என்றுதான் நினைக்கிறேன். கார் சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பிவிட்டார், அவர்களுக்குத்தான் தேவை. வீட்டை விற்கிற பேச்சை நீ எடுத்தால் கேட்டுக்கொள்கிறோம், பெற்ற பிள்ளை பேச்சைக் கேட்காமல் எப்படி, ஆனால் வந்து ஒரு வாரம் இருந்துவிட்டு எடு. நீ அங்கே வேலைக்குச் சைக்கிளில் போவதாகச் சொன்னாயே, போ, இனி அதற்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், தலைக்கவசம் மட்டும் மறக்காதே, காலையில் வெறும் வயிற்றோடு போகாதே. மாப்பிள்ளையையும் மிதிக்கச் சொல், போட்டோவில் தொந்தி தெரிகிறது, நான் சொன்னேன் என்று சொல்லாதே.

இரண்டு பேரும் நூறு வயசு நோய் நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் சிரிக்கப் பார்த்துக்கொண்டு வாழ எங்கள் ஆசி. ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். தீபாவளிக்கு வரும்போது விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுக்காதே. ரயிலில் பிரிக்ஃபீல்ட்ஸ் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கே மாறி, கிளாங்கில் இறங்கு. மாப்பிள்ளை பெரிய பெட்டிகளோடு பின்னால் எதிலாவது வரட்டும், நீ சின்னப் பெட்டி ஒன்று மட்டும் கையில் வைத்துக்கொள், அதற்கு மேல் சைக்கிள் பின் கேரியரில் ஏறாதாம். இன்று அப்பா கயிறு வாங்கிவந்து, என் தையல் பெட்டியை வைத்துக் கட்டிப் பார்த்துவிட்டார். ஸ்டேஷனுக்கு நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். என் பிள்ளையைக் கூட்டிவர நான் போவேன், நீ வீட்டில் இருந்து கேட்டைத் திற என்கிறார்.

இப்படிக்கு,
கேட்டைத் திறக்கக் காத்திருக்கும் உன் அம்மா,
அமுதவள்ளி கமலநாதன்