அக்காவுக்கு இன்றைக்கு ஒன்றுமில்லை

அன்புள்ள அக்கா,

நேற்று பேத்திக்குத் தடுப்பூசி போடக் கூட்டிப்போயிருந்தேன். நர்சு பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துக் குழந்தையின் தொடையில் தடவினாள். அந்த வாசனை வந்ததும் நீங்கள் வந்துவிட்டீர்கள். ஊசிக்கு நீங்கள் ஒருநாளும் பயந்ததில்லை. ஸ்பிரிட்டுக்குத்தான் முகத்தைச் சுளிப்பீர்கள். "ஊசியப் போடு கண்ணு, அந்தக் கருமத்தத் தடவாத" என்பீர்கள். நானும் ஓய்வு பெற்ற நர்சுதானே, அங்கேயே தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

தொண்ணூற்றேழில் மலைமேல் இருக்கும் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு மலையே பிடிக்கவில்லை. எப்போது கீழே இறங்குவோம் என்றிருந்தது. நீங்கள் குண்டனி நாட்டு மலைக்கிராமத்திலிருந்து மாதம் தவறாமல் வருவீர்கள். சின்ன வயதில் மூட்டு வலியோடு வந்த ஒரு காய்ச்சல் உங்கள் இதய வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. மேலும் கெடாமலிருக்க மாதாமாதம் ஊசி. போட்டு முடித்ததும் மடியிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை எடுத்து மேசைமேல் வைப்பீர்கள். வேண்டாம் என்றால், "உனக்கா குடுத்தேன்? மேசைக்குக் குடுத்தேன்" என்பீர்கள். உங்கள் பேச்சைக் கேட்கவென்றே நான் அந்த மலையில் தங்கிவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

வருடம் போகப் போக உங்களுக்கு மூச்சு வாங்குவது அதிகமானது. குச்சிக்கிழங்குக் காட்டில் நாலு எட்டு வைத்தால் உட்கார வேண்டும். வால்வையே மாற்ற வேண்டும் என்று கீழே பெரிய டாக்டர் சொன்னார். அதற்கு ஆகும் செலவைக் கேட்ட உங்கள் வீட்டுக்காரர் மலை ஏறும் பஸ்ஸில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாராம். "விடுங்க, ஓடறவரைக்கும் ஓடட்டும்" என்று நீங்கள்தான் அவரைத் தேற்றினீர்களாம். கேட்டபோது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மீது என்றுதான் தெரியவில்லை.

அப்புறம் சில வருடம் கழித்து அரசு காப்பீட்டு அட்டை வந்தது. ஏழைக் குடும்பம் அதைக் காட்டினால் தனியார் ஆஸ்பத்திரியிலும் பெரிய ஆபரேஷன் இலவசம். அதற்கென்று நடக்கும் முகாமில் குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொண்டால் போதும். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பஸ் கண்டக்டரிடம் உங்களுக்குச் சொல்லியனுப்பினேன். அட்டை கைக்கு வந்ததும் லீவு போட்டுவிட்டு உங்கள் இருவரோடும் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

கவுன்டரில் இருந்த பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் உங்கள் வீட்டுக்காரரும் இரண்டு மகள்களும் இருந்தார்கள்.

"இந்தம்மா இதுல இல்லீங்களே?"

"அவ சீக்காளிங்க" என்றார் உங்கள் வீட்டுக்காரர், வெகு இயல்பாக. "அதனால படத்துக்கு நிக்க வெக்கலீங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் உங்களைப் பார்த்தேன். திரும்பும் பஸ்ஸில்தான் விஷயம் தெரிந்தது. உங்கள் மாமியார் படுக்கையில் கிடந்தபோது யாரோ படம் பிடித்தார்கள். அந்த வாரமே அவர் போய்விட்டார். அதிலிருந்து உங்கள் வீட்டில் நோயாளியைப் படம் எடுப்பதில்லை. அட்டைக்குப் படமெடுத்த அன்று நீங்களே போய்ப் பலா மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டீர்கள்.

"சீக்காளிக்குத்தானக்கா அந்தக் கார்டே!" என்று பஸ் என்றும் பாராமல் கத்தினேன்.

"தெரியுது கண்ணு. ஆனா அவரு பயப்படறாரே, நான் போயிருவேன்னு."

அடுத்த முகாம் வருவதற்குள் உங்களால் படுத்துத் தூங்க முடியாமல் போயிற்று. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடியும்வரை கிடந்தீர்கள். நான் எவ்வளவு சொல்லியும் அவர் படத்துக்கு ஒப்பவில்லை. முகாமன்று காலையில் கல்யாணச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். அவரை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினீர்கள்.

"கண்ணு, இன்னிக்கு ஒரு நாள் எனக்குச் சீக்கு இல்லைன்னு அவருகிட்டச் சொல்லிரு. நீ சொன்னா நம்புவாரு."

உங்கள் நாடியைப் பிடித்தேன். தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்து, "அக்காவுக்கு இன்னிக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

"நெசமாவா நர்சம்மா?"

"நெசமாத்தானுங்க."

சுத்தப் பொய். அதற்காக நான் இதுவரை வருத்தப்பட்டதில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவரே உங்கள் தோளில் முந்தானையைச் சரிசெய்துவிட்டுக் காமிராவுக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார்.

ஆபரேஷன் முடிந்து வந்த நீங்கள் என் தலையைப் பிடித்து இழுத்து மார்பில் வைத்துக்கொண்டீர்கள். டிக், டிக் என்று கேட்டது. "உள்ள கடியாரம் கட்டி உட்டுட்டாங்க கண்ணு!" மறு வருடம் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு மூட்டைக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் விலை பேசியதை நான் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். மூச்சு விடாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

ஆனால் அந்தச் செயற்கை வால்வில் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும். உங்கள் அட்டையில் மாத்திரை வரவில்லை. கீழே பாய் மருந்துக்கடைக்குப் பணம் அனுப்பி, மாத்திரையைப் பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்பச் சொல்வோம். "மாடு வாங்கிக் குடுத்துட்டாங்க, தீவனத்த யாரு கண்ணு போடுவா?" என்று சிரிப்பீர்கள். மலைக்கு வந்த அதிகாரிகளிடமெல்லாம் அதையே கேட்டேன். எழுதிக்கொண்டு போனார்கள்.

சில வருடம் அப்படியே ஓடியது. பிறகு ஒரு மழையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. இருந்த மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துத் தின்றிருக்கிறீர்கள். யாரிடமும் சொல்லவில்லை. ரோடு திறந்ததும் உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மார்பில் காது வைத்தேன். கடியாரச் சத்தம் அமுங்கிப்போயிருந்தது. வேனில் ஏற்றிக் கீழே கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டீர்கள். அத்தனை பெரிய ஆபரேஷனைத் தாங்கிய உடம்பு அக்கா. ஒரு சின்ன மாத்திரை இல்லாமல் போய்விட்டதே.

உங்கள் வீட்டுக்கு வந்தேன். வாசலில் கிடத்தியிருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்காரர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்குச் சொன்னீங்களே நர்சம்மா, அதே மாதிரி சொல்லுங்க. அவளுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவேன்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வாய் வரவில்லை அக்கா. சொல்லாத அந்த வார்த்தையோடுதான் மலையிறங்கி வந்தேன். இன்னும் அதை எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை.