நகர்த்திய பட்டன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா நலம், அவருடைய தையல் மெஷினும் நலம். நான் நலம் என்று பொய் எழுத மாட்டேன், ஆனால் தெம்பாக இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால் இன்னும் தெம்பாக இருப்பேன்.

கழுத்தில் இருப்பது தைராய்டு புற்றுநோய்தான் என்று அக்கா போனில் அழுதுகொண்டே சொல்லியிருப்பாள், மீதியை நான் சொல்கிறேன். ஒரு வருஷமாகவே என் கண்டக்டர் சட்டை கழுத்தில் இறுகிக்கொண்டு வந்தது. தையல்காரருக்கு வாக்கப்பட்டவள் அதற்கு டாக்டரிடமா போவாள்? துணி சுருங்கிவிட்டது என்று உன் அப்பா பட்டனை நகர்த்தித் தைத்தார், மறுபடி இறுகியதும் மறுபடி நகர்த்தினார், நானும் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். இப்போது மனுஷன் எல்லாம் என்னாலதான் என்று மூலையில் உட்கார்ந்திருக்கிறார். கட்டியை வளர்த்தது உங்க ஊசியா, போய் வேலையைப் பாருங்க என்று ஒரு அதட்டு போட்டேன். பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் அக்காவை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். கழுத்து என்னோடது, எங்கிட்ட சொல்லுங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கட்டி பெரிதாக இருந்தாலோ, ஒன்றுக்கு மேல் இருந்தாலோ, தைராய்டின் மேலுறையைத் தாண்டியிருந்தாலோ, ஜுரத்தில் நெறி கட்டுமே, அந்த நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவ வாய்ப்பு அதிகமாம். முதல் இரண்டும் எனக்கு இருக்கிறது, மூன்றாவது திறந்து பார்த்தால்தான் தெரியும். அதனால் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்க வேண்டும், குரல் கொஞ்ச நாள் கம்மலாம் என்றார். எடுங்க, எனக்கு விசில் இருக்கு என்றேன்.

நீ வரும்வரை ஆபரேஷனைத் தள்ளிப் போடச் சொன்னாயாம். முடியாது, வியாழக்கிழமை போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, அதற்காக நிற்கப் போவதில்லை. தழும்பை மறைக்கச் சித்தி ஒரு சால்வை வாங்கி வந்தாள், கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். மேல் பட்டனே இல்லாமல் சட்டை தைக்கச் சொல்லியிருக்கிறேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நீ லீவு கிடைக்கும்போது வா, தாங்கிப் பிடிக்க வேண்டாம், வழக்கம்போல் சண்டை போட வா. ஒன்று மட்டும் கேள். ஆண்களுக்கு இது வருவது குறைவாம், வந்தால் முடிச்சுகளுக்குப் பரவுவது அதிகமாம், சின்ன வயதில் வந்தாலும் பரவுவது அதிகம்தானாம். அம்மாவுக்கு வந்திருப்பதால் நீயும் ஒருதரம் டாக்டரிடம் கழுத்தைக் காட்டிவிடு.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். உன் சட்டைகளும் அப்பா தைத்தவைதான். கழுத்து இறுகினால் பட்டனை நகர்த்தாதே.

இப்படிக்கு,
உன் அம்மா