காலைக் கணக்கு நின்றபின்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. இதை உன் தோழியின் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட மனம் ஒப்பவில்லை.

வெள்ளம் வடிந்து பத்து நாளாகிறது. கீழ்த்தெருத் தையல்காரர் வீட்டுச் சுவரில் என் மார்பளவுக்குச் சேறு. உயிர்ச்சேதம் இல்லை.

முப்பது வருடமாக இந்த ஆற்றின் மட்டத்தை அளந்து எழுதுகிறேன். மேலே பக்கத்து நாட்டில் நீ வேலை பார்க்கும் அணையிலிருந்து, அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் திறப்பார்கள் என்று தினமும் காலை எட்டு மணிக்கு எங்கள் அலுவலகத்துக்குக் கணக்கு வந்துவிடும். அந்த நாடு வளர வளர நமக்குப் பாலம் கட்டித் தந்தது, ஆஸ்பத்திரி கட்டித் தந்தது, உனக்கும் வேலை தந்தது. போன வருடம் அவர்களோடு ஏதோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட நம் அரசாங்கம் தயங்கியது. மறுநாளே கணக்கு நின்றது. கோபமாக ஒரு வார்த்தைகூட வரவில்லை.

வெள்ளம் வந்த அன்று மதியம் நீ போனில், "அப்பா, அம்மாவைக் கூட்டிக்கிட்டு மேட்டுல அத்தை வீட்டுக்குப் போயிடுங்க. இப்பவே போங்க" என்றாய். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆற்றில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. அம்மாவை அனுப்பிவிட்டு, கீழ்த்தெருவில் ஒரு கதவு விடாமல் தட்டினேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது, வெள்ளம் எங்கிருந்து வரும் என்று தையல்காரர் சிரித்தார். அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறைதான். ஐந்து மணிக்குத் தண்ணீர் வந்தது.

நேற்று தலைநகரிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். உங்களுக்கு மட்டும் எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்று கேட்டார்கள். தண்ணீரின் நிறம் மாறியது, அனுபவம்தான் என்றேன். நம்பவில்லை. கிளம்பும்போது மூத்தவர் மெதுவாகச் சொன்னார்: "பொண்ணு அங்கதானே இருக்காங்க? தினம் ஒரே ஒரு நம்பர் சொன்னாப் போதும் சார். நம்ம சனத்துக்காகத்தானே கேக்கறோம்."

அவர் கேட்டதில் தப்பில்லை, அதுதான் என்னை வதைக்கிறது. கீழ்த்தெருவில் நாற்பது வீடுகள். ஆனால் பிடிபட்டால் அங்கே உன்னை என்ன செய்வார்கள் என்று அவர் சொல்லவில்லை. முடியாது என்றேன். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. இன்று காலை நானும் தையல்காரரும் வீடு வீடாகப் போய், மேட்டில் வீடு கட்ட இடம் கேட்டு அரசாங்கத்துக்கு எழுதிய மனுவில் கையெழுத்து வாங்கினோம். எப்போது கிடைக்குமோ தெரியாது.

நாற்பது வீட்டு ஆட்களும் இன்று நடமாடுவது உன்னால். அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும். மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால் எங்களுக்குப் போன் பண்ணாதே, கண்ணு. நாங்கள் மேட்டில்தான் இருப்போம் என்று நினைத்துக்கொள்.

நீ நல்லா இருக்கணும்.

அப்பா