அண்ணி கொண்டுவந்த விரால்கள்

அன்புள்ள அண்ணி,

இன்று காலை ஓசூர் மீன் கடையில், ஐஸ் மேல் ஒரு பெரிய களவா மீன் வாய் பிளந்து கிடந்தது. கடல் வாசனை. உடனே உங்கள் நினைவு வந்துவிட்டது.

அறுபதுகளின் கடைசியில் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து என் அண்ணனைக் கட்டிக்கொண்டு பர்கூர் வந்தீர்கள். கல் வெட்டி முடித்த பழைய குவாரிக் குழியில் தேங்கிய மழைத்தண்ணீரைத்தான் நம் குடியிருப்பே குடித்தது. ஈஸ்டர் விருந்துக்காக அதிலிருந்த விரால்களை நானும் என் கூட்டாளிகளும் ஒன்றுவிடாமல் பிடித்துவந்தோம். கூடையைப் பார்த்ததும் உங்கள் முகம் மாறிவிட்டது.

"பெருசு அத்தனையும் எடுத்துட்டீங்களே தம்பி! எங்க ஊர்ல கடலுக்குள்ள பாறைத்திட்டு உண்டு, பார்னு சொல்லுவோம். அங்க பாறையில ஒட்டிப் பாசி மேயுற பிராணி ஒண்ணு உண்டு, முள்ளு உருண்டை மாதிரி. அந்த உருண்டைகளக் கடிச்சுத் திங்கிற பெரிய மீனையெல்லாம் புடிச்சுத் தீத்தாங்க. அப்புறம் அந்த உருண்டைங்க பெருகி, பாசி பூராவும் மேஞ்சிருச்சு. சங்கு குளிக்கிற எங்க அண்ணன் பாத்துட்டு வந்து அழுதாரு. வெறும் பாறையாம். குஞ்சு மீன் ஒளிய இடமில்லையாம்."

"கடல் வேற, குட்டை வேற அண்ணி" என்று சிரித்தேன். அன்று நீங்கள் மீன் குழம்பைத் தொடவே இல்லை.

அடுத்த கோடையில் குழி முழுக்கப் பொடிமீன். தண்ணீர் பச்சையாகி நாறியது. பெண்கள் வெகுதூரம் நடந்து குடம் சுமந்தார்கள். "பச்சையத் திங்கிற பூச்சிய பொடிமீன் தின்னுது. பொடிமீனத் திங்கத்தான் ஆளில்ல" என்றீர்கள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ராயக்கோட்டை ஏரிக்கு அழைத்துப்போய், உயிர் விரால் ஆறு வாங்கி, குடத்துத் தண்ணீரில் விட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினீர்கள்.

"ஏம்மா, தண்ணி சிந்துது. எறங்கு" என்றார் கண்டக்டர்.

"எறங்குறேன். பர்கூர்ல."

நான் வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மீன்களைக் குழியில் விட்டபின், யாரும் தூண்டில் போடக்கூடாதென்று வீடு வீடாகப் போய்க் கேட்டீர்கள். கன்னடமும் தெலுங்கும் பேசும் வீடுகளில் தெரிந்த நாலு சொல்லும் கைச்சாடையும் போதுமாயிருந்தன. இரண்டு மழைக்காலம் கழிந்து, குழியின் அடிப்பாறை மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது.

"இது நடக்கும்னு எப்படி அண்ணி அவ்ளோ நிச்சயமா இருந்தீங்க?"

"நிச்சயமா? எனக்கென்ன தெரியும் தம்பி! அங்க கண்ணு முன்னாடி எல்லாம் போனப்ப சும்மா நின்னேன். இங்கயும் அப்படி நிக்க மனசு வரல."

முழுசாகத் தெரிந்தபின் செய்துகொள்ளலாம் என்று நான் ஒத்திப்போடும் ஒவ்வொரு முறையும், உங்களுடைய இந்தப் பதில்தான் அண்ணி, என்னை எழுப்பி நடக்க வைக்கிறது.