ஏழாம் வகுப்பில் உலகம் தேடிய நாள்

டீச்சர்,

இன்று ஏழாம் வகுப்புக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தினோம். பின்னாலிருந்து ஒரு துண்டுச் சீட்டு விழுந்தது. உங்கள் கையெழுத்து. ‘நான் எத்தியோப்பியாக்காரன். தை மாதம் முழுக்க உங்கள் அம்மா என்னைப் பறிக்கிறார். யார் நான்?’ காப்பிதான் விடை. இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் நடத்திய தேடல் விளையாட்டில் எந்தப் பிள்ளை கையிலும் சிக்காத சீட்டு.

“பசங்களுக்கு உலகம்னா பரீட்சைக் கேள்வின்னு ஆயிப்போச்சுங்க சார். ஒரு நாள் தேடிப் பாக்கட்டும்” என்று சொல்லி, பள்ளிக்கூடம் முழுக்கச் சீட்டுகளை ஒளித்து வைத்தீர்கள். கணக்கு வாத்தியாரான என்னையும் காவலுக்கு நிறுத்தினீர்கள். ‘ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து எஸ்டேட்டுக்கு நிழல் தருபவன்’ என்று படித்ததும் மொத்த வகுப்பும் பனிமூட்டத்துக்குள் ஓடி, வாசலில் நின்ற சில்வர் ஓக் மரத்தைக் கட்டிக்கொண்டது. நீங்கள் கைதட்டிச் சிரித்தீர்கள்.

கடைசிச் சீட்டு, சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் சொந்தக்காரர் யாராவது இருக்கும் நாட்டில் காகிதக் கொடி குத்தச் சொன்னது. செம்மநத்தத்து மலர்விழி சவூதியில் குத்தினாள். பிறகு நகரவே இல்லை.

“இதுக்குள்ள எங்கீங்க டீச்சர்? எங்கப்பா டிரைவர் வேலைக்குப் போனாருங்க. போன் பண்ணி ஆறு மாசம் ஆச்சுங்க.”

வரைபடத்தில் அந்த நாடு உள்ளங்கை அளவுதான் இருந்தது. நீங்கள் அவளருகே மண்டியிட்டு, “தேடலாம் கண்ணு” என்றீர்கள். பிள்ளைகள் போன பிறகு, “அந்தச் சீட்டை நான் எழுதியிருக்கக் கூடாதுங்க சார்” என்று அழுதீர்கள். நான் வரைபடத்திலிருந்து கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

அதன் பின் சனிக்கிழமைதோறும் அவள் அம்மாவை அழைத்துக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினீர்கள். கலெக்டர் ஆபீசில் மனு மேல் மனு. அனுப்பி வைத்த ஏஜெண்டின் கடை பூட்டிக் கிடந்தது. இரண்டு முறை நானும் வந்தேன். “மனு குடுத்திருக்கீங்கல்ல, பதில் வருமுங்க” என்றார் அலுவலகத்தில் ஒருவர். பதில் வரவில்லை.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று லீவு போட்டீர்கள். நான்காம் நாள் உங்களைச் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தெரிந்து கிளம்பினேன். பஸ் அடிவாரம் சேர்வதற்குள் போன் வந்துவிட்டது. இறங்கி, சேலத்துக்கே போவதா, மலைமேலே திரும்புவதா என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.

பத்து நாள் கழித்து மலர்விழியின் அம்மா மனு நகல்களை ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து, “இனி நீங்கதான் சாமி” என்றார். இப்போது சனிக்கிழமைகளில் நான் போகிறேன். போன வாரம், பழைய மனுவைக் காணவில்லை, புதிதாக எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன்.

மலர்விழி இப்போது ஒன்பதாவது. திங்கட்கிழமை காலையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நிற்பாள்.

“ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா சார்?”

இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வரும். நீங்கள் ஒரு நாளும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. ‘இன்னும் இல்ல கண்ணு’ என்றுதான் சொல்வீர்கள். நானும் அதையே சொல்கிறேன். அவள் தலையாட்டிவிட்டுப் போகிறாள். உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ‘இன்னும்’ ஒன்றுதான். அது ஆறுதலா, பொய்யா என்று நீங்கள் இருக்கும்போதே கேட்டு வைத்திருக்க வேண்டும், டீச்சர்.